அக்காவின் நோட்டு

“கடைசியில அவன் அவளைக் கட்டிக்கிட்டானா, கைவிட்டுட்டானா? அதை மட்டும் சொல்லித் தொலை!”

சின்னவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சன்னல் இரண்டும் திறந்துகொண்டன. யாரோ ஒரு பெண்ணின் வாழ்க்கை நடுத்தெருவுக்கு வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தவள் ஒரு நாவலின் கதாநாயகி.

“இன்னும் நாற்பது பக்கம் இருக்குடி. படிக்க விடு!” என்று பெரியவளும் கத்தினாள்.

பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் மூக்குக்கு அளவெடுத்துவிட்டு வந்து, புத்தகத்தோடு கட்டிலில் சாய்வதுதான் அவள் கண்ட ஒரே சுகம். வந்த வரன்களை எல்லாம் அதற்காகத்தான் தட்டிக்கழித்தாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. முடித்த புத்தகத்தைப் பற்றி ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவைப்பாள். அவ்வளவுதான்.

அந்த இரண்டு வரியில் வந்து விழுந்தது தங்கையின் கண். அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் சின்னவள் ஒருவனிடம் மனதைப் பறிகொடுத்திருந்தாள். அவன் பெரிய படிப்பாளியாம். ‘நானும் விடாம படிப்பேன்’ என்று இவளும் அளந்துவிட்டாள். வாரம் ஒரு புத்தகம், இருவரும் படித்துப் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. படிப்பது மட்டும் அக்கா.

“அவர் பக்க நம்பரெல்லாம் போட்டு மெசேஜ் அனுப்புறாருக்கா. நீ ரெண்டு வரியில முடிச்சா நான் எப்படிச் சமாளிப்பேன்? யாருக்கு யார் என்ன உறவு, எங்க அழுகை வருது, உன் அபிப்பிராயம், எல்லாத்தையும் எழுது.”

எழுதினாள். நல்ல வரி வந்தால் ரசிக்க நேரமில்லை, குறித்துக்கொள்ள வேண்டும். சிரிப்பு வந்தால் ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டும். யோசித்ததும் சிரிப்பு போய்விடும். ஆறு மாதத்தில் புத்தகத்தைக் கண்டாலே பரீட்சை ஞாபகம் வந்தது.

“போதும்டி! உன் கல்யாணத்துக்காக என் ஒரே சுகத்தையும் பிடுங்கிட்டே. ஞாயித்துக்கிழமை அவன் வரட்டும், உண்மையைப் போட்டு உடைக்கிறேன்.”

“உடைச்சா எனக்கு அக்காவே இல்ல!”

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். பெரியவர்கள் பேசுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போக, லிஃப்ட் மெக்கானிக்கான அண்ணனையும் கூட்டி வந்திருந்தான். அண்ணன் உட்காராமல் புத்தக அலமாரி பக்கமே நின்றான்.

வெளிறிப்போன தங்கையைப் பார்த்ததும் பெரியவளுக்கு மனம் வரவில்லை. உண்மையை விழுங்கிக்கொண்டு, படிக்கிறவனிடம் கேட்கக்கூடியதை மட்டும் கேட்டாள்.

“போன வாரப் புத்தகத்துல எந்த இடத்துல உங்களுக்குச் சிரிப்பு வந்துது?”

அவன் மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினான்.

“ஏன்ணா, அதை நோட்டுல நீ எழுதவே இல்லையே?”

அண்ணனின் காது சிவந்தது. “மன்னிச்சிடுங்க. இவனுக்கு எழுதி எழுதியே எனக்குப் படிக்கிற ஆசை விட்டுப்போச்சு,” என்றான் பெரியவளைப் பார்த்து.

சின்னவள் நாற்காலியில் தொப்பென்று சாய்ந்தாள். “அப்பாடா! நீங்களும் படிக்க மாட்டீங்களா?”

மூன்றாம் மாதம் அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில், ஒரே முகவரிக்குக் குடிபோனார்கள்.

மூத்த மருமகள், வரன்களைத் தட்டிக்கழித்த பெரியவள்தான்.