ஆறு குதிரைகள்

நான் சேர்த்த பழைய குதிரைப்படை ஓவியங்களில் என் மனைவி வெர்னாவுக்குப் பிடித்தது ஒன்றுதான்: வயோமிங் மாநிலத்துப் பனியில் நிற்கும் ஆறு குதிரைகள். அடுக்களையில் மாட்டியிருந்தாள். குளிர்காலத்தில் அதன் கண்ணாடியில் உள்பக்கமாக, மூச்சு பட்டதுபோல ஆவி படியும். படத்துக்குச் சட்டம் போடுபவர் பிரித்து ஒட்டியும் அது நிற்கவில்லை.

"ஈரத்துல படம் பாழாயிடும். வித்துடலாம்" என்றேன்.

"அதுங்க பாட்டுக்கு நிக்குதுங்க. உனக்கென்ன கேடு?"

விற்றுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

படத்தை வாங்கியவர் நேற்று ஃபோன் செய்தார். "கண்ணாடி பளிச்சுனு இருக்கு. ஆவியே படியல."

இன்று காலை அடுக்களை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. அது வெளிப்பக்கம் இருந்தது.

"தள்ளிக்கோ" என்றாள் வெர்னா. ஆப்பிளை ஆறு துண்டாக நறுக்கி எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.