தணிக்கைக்கு ஒரு கிழ மாடு

தொட்டிக் காட்சி வந்ததும் சொராய்டி விநாடிகளை எண்ணத் தொடங்கினாள்.

திரையில் மூன்று கொள்ளைக்காரிகள் ஒரே குளியல் தொட்டியில் இறங்கி, சோப்பு நுரைமேல் வங்கியின் வரைபடத்தை விரித்துத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். படம் முழுக்க இதே கூத்துதான். ஒரு பூட்டு திறந்தால் ஒரு துணி கழலும். வங்கியிலோ பூட்டுக்குப் பஞ்சமில்லை.

முன்வரிசையில் இரண்டு தணிக்கை அதிகாரிகள். அமில்கார் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். பக்கத்தில் டோனா நெவுசாவும் குனிந்தார்.

'எழுதுங்கள், நிறைய எழுதுங்கள்' என்று மனதுக்குள் விரட்டினாள் சொராய்டி.

படக்காரர்களுக்கு அந்த அறையில் இடமில்லை. ரீல் அறுந்தால் ஒட்ட ஆள் வேண்டுமே என்று சொல்லி ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டாள். எடிட்டர் அவள்தான். ஒட்டுகளைப் பலவீனமாகப் போட்டதும் அவள்தான்.

மந்தையை ஆறு கடத்துகிறவர்கள் முதலில் ஒரு கிழ மாட்டைத் தனியே இறக்கிவிடுவார்கள். சதை தின்னும் பிரான்யா மீன்கள் அதை மொய்க்கும். மற்ற மாடுகள் வேறு பக்கமாகக் கரையேறிவிடும். சாவ் பாவ்லோ படக்காரர்களும் அப்படித்தான். வெட்டுப்படுவதற்கென்றே ஒரு காட்சி எடுப்பார்கள்.

தொட்டிதான் கிழ மாடு.

கரையேற வேண்டியது அடுத்த எட்டு விநாடி. கொள்ளைக்காரிகள் வங்கிக்குள் நுழைகிறார்கள். வரிசையில் நிற்கும் ஓர் ஒல்லி ஆள் கைகளைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். சீருடைக் காவலாளியின் கால்சட்டை கழன்று விழுகிறது.

அந்த ஒல்லி ஆள் டால்மோ. அவளுடைய தம்பி. ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகக் கூட்டத்தில் நிற்க வந்தவன். அன்று மாலையே இரண்டு பேர் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏழு மாதமாகிறது.

ராணுவ ஆட்சியில் துணியில்லாத பெண்ணையாவது மன்னிப்பார்கள். சீருடையைக் கேலி செய்தால் படத்தையே முடக்கிவிடுவார்கள். எட்டு விநாடியும் ஒரே ஷாட், பிரிக்க வழியில்லை. தூக்கி எறியச் சொல்லி டைரக்டர் கெஞ்சினார். அவள் அசையவில்லை. பாவம், தம்பி முகத்தைத் திரையில் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஒரு வெட்டுக்கு ரீல் எண், காட்சி, காரணம் மூன்றையும் கார்பன் தாள் வைத்து எழுத வேண்டும். எப்படியும் அரை நிமிடம் ஆகும்.

வங்கிக் கதவு திறந்தது.

கார்பன் நழுவி, டோனா நெவுசா நிமிர்ந்துவிட்டார்.

"வரிசையில நிக்கிறவன் எதுக்கு இளிக்கிறான்? துப்பாக்கிய நீட்டுறாளுங்க!"

"புது ஆளுங்கம்மா. பொண்ணுங்கள கிட்டத்துல பாத்ததும் பயம் மறந்துபோச்சு" என்றாள் சொராய்டி.

அமில்கார் தலையைத் தூக்கவில்லை. "அவன் பல்ல விடுங்க நெவுசா. தொட்டிக்கு என்ன காரணம் எழுதுறது? நுரை பத்தலைன்னா?"

டோனா நெவுசா சிரித்துக்கொண்டே மறுபடி குனிந்தார். கால்சட்டை யார் கண்ணிலும் படாமல் விழுந்தது.

மாலையில் சான்றிதழ் வந்தது. பெரியவர்களுக்கு மட்டும். ஐந்து வெட்டு. தொட்டி போயிற்று. படச்சுருள் பெட்டிமேல் அரசு முத்திரை.

சொராய்டி பெட்டியோடு நேராக வக்கீலிடம் போனாள். அவர் மேசையில், டால்மோ எங்கே என்று கேட்டதற்குப் போலீஸ் முன்பே அனுப்பியிருந்த பதில் கிடந்தது. டால்மோவை யாரும் கைது செய்யவில்லை, மே மூன்றாம் தேதி அவன் தானாகவே உருகுவே எல்லையைத் தாண்டிப் போய்விட்டான் என்று அதில் எழுதியிருந்தது.

வக்கீல் படச்சுருளை விளக்கில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிரிக்கும் டால்மோவின் தலைக்குப் பின்னால், வங்கிச் சுவரில் ஒரு தினசரி நாள்காட்டி. படம் பிடித்த அன்று காலைதான் யாரோ தாளைக் கிழித்திருந்தார்கள்.

மே பதினொன்று.