குதிகால்

"சேட்டா, அழகிப் பட்டம் வாங்கின பொண்ணு இன்னிக்கு வருதாம். நம்மகூட கால்வாய்ல இறங்கி பிளாஸ்டிக் வாருமாம்," என்றாள் கூடவே கால்வாய் அள்ளும் ஓமனா.

கொச்சியில், மட்டாஞ்சேரி கால்வாய்க்கரையில் உட்கார்ந்து, குழந்தைசாமி கால்களில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "போட்டோ எடுக்கிறவரைக்கும் நிப்பா. அப்புறம் நாறுதுன்னு ஓடிருவா."

கார் வந்து நின்றது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் எல்லாருக்கும் புதுக் கையுறை கொடுத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அவருடைய எண்ணெய்க் குப்பியை எடுத்துத் தன் முழங்கால்வரை தேய்த்தாள்.

ஓமனாவுக்கு ஆச்சரியம். "சேறு ஒட்டாம இருக்க நாங்க செய்யறதாச்சே! மோளுக்கு யாரு சொல்லித் தந்தா?"

"சின்ன வயசுல எங்கப்பா வேலைக்குக் கிளம்பறப்ப நான்தான் தேய்ச்சுவிடுவேன்."

குழந்தைசாமியின் கை நின்றது.

அவருக்கு அப்படித் தேய்த்துவிட்டது ஒரே பிள்ளைதான். "நான் பொண்ணுப்பா" என்று அழுதுகொண்டே சொன்ன அன்று, "என் மகன் செத்துட்டான்" என்று அவர் வீட்டைவிட்டுத் துரத்திய பிள்ளை.

நிமிர்ந்து பார்த்தார். பட்டம் வாங்கியவள் அவர் காலடியில் குந்தியிருந்தாள்.

"இன்னமும் குதிகால்ல தேய்க்காம விட்டுர்றீங்களேப்பா," என்று காலைத் தொட்டாள்.

அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.