ப-வில் ஒரு பேர்

உதடு இரண்டும் ஒட்டின. பிரிந்தன.

காற்றுதான் வந்தது.

"இன்னொருக்கா," என்றாள் ஜெனிட்டா. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். சின்னப் பிள்ளைதான். கையில் ஓர் அட்டை. அதில் கொட்டை எழுத்தில் 'ப'.

உதட்டை ஒட்டிப் பிரித்தால் போதும், நாக்கு புரள வேண்டியதில்லை, அதனால் இதிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்று முன்பே சொல்லியிருந்தாள். ப-வில் எதுவானாலும் சரி. பால், பழம், பாய். வருவது வரட்டும்.

கட்டிலில் சாய்ந்திருந்தவரின் வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரி. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வாதம் வந்து விழுந்ததிலிருந்து ஒரு சொல் கிடையாது. ஆளைத் தெரிகிறதா என்பதும் தெரியவில்லை. கூப்பிட்டால் பார்க்கிறார். யார் கூப்பிட்டாலும் பார்க்கிறார்.

பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அவள் பெயரும் ப-தான்.

பவுன்தாய்.

கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவர் அதை வாயால் சொன்னதில்லை. "இந்தா" என்பார். ஊரில் எந்த ஆம்பளைதான் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்? அவளும் அதைக் குறையாக நினைத்தது கிடையாது. இன்றைக்குத்தான், பாருங்களேன், ஒரு ஆசை.

ஜெனிட்டாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தானாக வரட்டும்.

ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள். அவர் கண்ணில் படும்படி.

"பொ..."

இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பொம... பொமரேனியன்."

ஜெனிட்டா திருதிருவென்று விழித்தாள்.

நாய்தாம்மா, என்றாள் அவள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. வீட்டுக்குப் பின்னால் நாய் வளர்த்துக் குட்டி விற்கிறோம், விருதுநகர், சிவகாசியிலிருந்தெல்லாம் ஆள் தேடி வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நாய் வந்துவிட்டது.

"பக்."

குழாய் திறந்துகொண்டது.

பாக்ஸர். பூடில். பீகிள்.

இங்கிலீஷில் எழுதினால் இதெல்லாம் ஒரே எழுத்து கிடையாது, நல்லவேளை நாம் தமிழில் கேட்டோம் என்று ஜெனிட்டா சிரித்தாள்.

புல்டாக். இழுத்த வாய்க்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம். கட்டியவள் சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டாள்.

"பொண்டாட்டி மூஞ்சி மறந்தாலும் நாய் மூஞ்சி மறக்காது இந்த மனுசனுக்கு," என்றாள்.

பிட்புல்.

அதற்கப்புறம் வரவில்லை.

அவர் கண் சுவரில் அலைந்தது. ஜன்னலுக்குப் போனது. திரும்பி வந்து அவள் முகத்தில் நின்றது.

வெறும் பார்வை இல்லை இது. ஆள் தெரிந்து பார்க்கிற பார்வை.

உதடு ஒட்டியது.

சொல்லிவிடுங்கள், என்று அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

"ப..."

"பரிமளா."

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் அந்த அறையில் அசைந்தது.

"இது எந்த ஊரு நாய்ங்கய்யா?" ஜெனிட்டா குனிந்து கேட்டாள். "நான் கேள்விப்பட்டதே இல்லையே."

அவளும் கேள்விப்பட்டதில்லை. அத்தனை நாய்க்கும் கஞ்சி காய்ச்சியவள் அவள்தான். பேர் வைத்தவளும் அவள்தான். டைகர், ராணி, கருவாச்சி. அப்படி ஒரு பேர் அவர் கூடப்பிறந்தவர்களில் இல்லை. பங்காளி வீட்டில் இல்லை. தெருவில் இல்லை. கல்யாணத்துக்கு வந்து நின்ற முகங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

இல்லை.

அவர் முகம் சுருங்கியது. கோபம்.

"நாயில்ல," என்றார்.

திக்காமல். அட்சரம் பிசகாமல்.

அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தாள். பிடித்தது தெரியவில்லை.

அவர் கண்ணில் நீர் கோத்து நின்றது. அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். போனவர் திரும்பி வந்த மாதிரி.

இத்தனை காலத்தில் அவளைப் பார்த்து அந்த முகம் அப்படி ஆனதில்லை.

ஜெனிட்டா அவரைப் பார்த்தாள். அவர் பார்க்கிற திசையைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, உங்க பேராம்மா? தப்பா எடுத்துக்காதீங்க. நான் பாட்டுக்கு நாய்னு கேட்டுட்டேன்."

இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அவருடைய இடது கை மெத்தையில் ஊர்ந்து வந்து, அவள் விரலைத் தேடிப் பிடித்தது.

"ஆமா," என்றாள் பவுன்தாய். "என் பேருதான்."

ஜெனிட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. இதை விட்டுவிடக் கூடாது என்றாள். வீட்டுக்குப் போனாலும் தினமும் இந்தப் பேரைச் சொல்லச் சொல்லுங்கள், அவர் கூப்பிடும்போதெல்லாம் நீங்கள் எதிரே வந்து நிற்க வேண்டும், கூப்பிட்டு ஆள் வரவில்லை என்றால் பேச்சு மறுபடி உள்ளே போய்விடும் என்றாள்.

"ஐயா, அம்மாவ இன்னொருக்கா கூப்பிடுங்க."

"பரிமளா."

இந்த முறை உதடு தேடவே இல்லை.

அவள் எழுந்தாள். வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"வந்துட்டேன்," என்றாள்.