முயல் யாருக்கு?

“ஏரிக்கரை வீடு எனக்கு. படகு உனக்கு. சரிதானே?” என்றாள் அவள், காப்பியைத் தொடாமலேயே.

“தோட்டத்தையும் நீயே வெச்சுக்கோ. தண்ணி ஊத்த எனக்கு எங்க நேரம்?” என்றான் அவன்.

பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரம்மாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அடப் பாவமே, இந்த வயசிலேயே ஏரிக்கரையில் வீடு, இந்த வயசிலேயே பாகப்பிரிவினையா! துடைத்த மேஜையையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.

அவன் உள்ளே வந்தபோதே கடைக்காரம்மாவுக்குச் சந்தேகம்தான். தேய்ந்த செருப்பும் முழங்கையில் மாவுமாக, பேக்கரி வேலையிலிருந்து நேரே ஓடிவந்தவன், மூக்குக் கண்ணாடிக் கடைச் சீருடையில் உட்கார்ந்திருந்த இந்தப் பெண்ணைத் தாண்டிச் சுவரோரம் வரை போய்விட்டான். “ஏய் தூங்குமூஞ்சி, இங்க!” என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் திரும்பினான்.

அவள் முன்னால் மேஜையில் ஒரு காரட் கிடந்தது. அதைப் பார்த்ததும் அவனும் சட்டைப் பையிலிருந்து ஒரு காரட்டை எடுத்து வைத்தான். முகத்தைப் பார்க்கப் பிடிக்காத அளவுக்குச் சண்டை, காரட் தின்பதில் மட்டும் ஒற்றுமையாக்கும் என்று கடைக்காரம்மா மனசுக்குள் நொடித்துக்கொண்டாள்.

“அதெல்லாம் இருக்கட்டும். முயல்?” என்றான் அவன்.

“முயல் எனக்குத்தான். பனியில நின்னு பிடிச்சது நான்.”

“பிடிச்சே, சரி. கட்டுப் போட்டு, மருந்து தடவி, தேத்தினது யாரு?”

கடைக்காரம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், ‘ஊர் வம்பு வேண்டாம்டி’ என்று கண்ணைக் காட்டினார். அவள் கேட்டால்தானே?

“ஏம்ப்பா, வீட்டையே விட்டுக்கொடுத்துட்டே. போயும் போயும் ஒரு முயலுக்கா மல்லுக்கு நிக்கிறீங்க? ரெண்டு பேருமே, தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுங்கற ஆளுங்கதான் போல!”

“அதுக்கு நிஜமாவே மூணு கால்தான்க்கா,” என்றான் அவன்.

“ஒண்ணு கண்ணியில போயிடுச்சு,” என்றாள் அவள். “ஆனா ரெண்டு பேரு ஏறி உட்கார்ந்தா மலையையே தாண்டிடும்.”

கடைக்காரம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். அவன் அவசரமாகப் போனை எடுத்து நீட்டினான். திரையில் யானைக்குட்டி உயரத்துக்கு ஒரு வெள்ளை முயல். முதுகில் சேணம், அதில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. வாளும் கேடயமுமாக மாய உலகத்தில் சுற்றுகிற ஆன்லைன் விளையாட்டாம் அது. அங்கே குதிரைக்குப் பதில் ராட்சத முயல் சவாரியாம்.

“அட கண்றாவியே, வெளையாட்டு முயலா!” கடைக்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இதுக்காகவா பிரியறீங்க?”

“முயலுக்காக இல்லக்கா.” அவள் குரல் கம்மியது. “ரெண்டு மாசமா இவன் வீட்டுப் பக்கமே வரல. ஒரு தகவல் இல்ல. விளக்கை ஏத்தி வெச்சுட்டு, இன்னிக்கு வருவான் நாளைக்கு வருவான்னு ஒருத்தியா காத்துக் கிடக்கறேன். நேர்லயே பேசி முடிச்சுடலாம்னுதான் இங்க வரச் சொன்னேன்.”

“விடியக்காலை ஷிப்டுக்கு மாத்திட்டாங்க, சூறாவளி. வேலை முடிஞ்சா மாவு மூட்டை மேலயே சாஞ்சு தூங்கிடறேன். சொன்னா கத்துவியேன்னு பயந்துட்டேன்.”

“சொல்லாம இருந்தா மட்டும் கத்த மாட்டேனா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இவ்வளவு சண்டையிலும் தூங்குமூஞ்சி, சூறாவளி என்று செல்லப் பேர் மட்டும் போகவில்லையே, இது தேறுகிற கேஸ்தான் என்று கடைக்காரம்மாவுக்குத் தெம்பு வந்தது.

“சரி, யாராவது ஒருத்தர் முயலைக் கூட்டிட்டுப் போங்க. தனியா ஓட்டிக்கலாமில்ல?”

“முடியாதுக்கா. மூணு காலாச்சே, பின்னால ஒரு ஆள் கனம் இல்லேன்னா குடை சாஞ்சிடும்,” என்றாள் அவள். “போன வாரம் வீம்புக்குத் தனியா ஏறினேன். தவளைக் குளத்துல தலைகுப்புறத் தள்ளிடுச்சு.”

அவன் சிரிப்பை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. முறைத்துக்கொண்டிருந்தவளும் பக்கென்று சிரித்துவிட்டாள்.

“தனியா ஓட்டவே முடியாத முயலுக்கு எதுக்கு இந்த அடிதடி?” என்றாள் கடைக்காரம்மா.

அவன் தன் காரட்டைப் பார்த்தபடி அவளிடம் மெதுவாகக் கேட்டான். “உனக்கு எதுக்கு அது?”

“உன் ஞாபகமா ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்னுதான்.” அவள் காரட்டை மேஜையில் உருட்டிக்கொண்டே சொன்னாள். “உனக்கு?”

“எனக்கும் அதுக்குத்தான்.”

“போதும் போதும், பாகப்பிரிவினையும் வேணாம், ஒண்ணும் வேணாம். காப்பி ஆறிப்போச்சு, சூடா வேற கொண்டுவரேன்” என்று கடைக்காரம்மா கோப்பைகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். “பார்த்தீங்களா, ஒரு குடும்பத்தைச் சேர்த்து வெச்சுட்டேன்!” என்று வீட்டுக்காரரிடம் பெருமை பீற்றிக்கொண்டாள்.

அவள் புதுக் காப்பியோடு திரும்பி வந்தபோது அவன், “இனிமே லீவு நாள்ல கண்டிப்பா வந்துடறேன். பின் சீட்டு எனக்குத்தான்” என்று சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

“வரலேன்னு வையி, அந்த முயலை விட்டே மிதிக்க வைப்பேன்.”

அவன் சிரித்தபடி நிமிர்ந்து, முதல்முறையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். பார்த்ததும் என்ன தோன்றியதோ, சட்டென்று வெட்கப்பட்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்தான்.

“ஆமா... உங்க நிஜப் பேரு என்னங்க?”