தெருநாய்க்கு இலவசம்

“தெருவுல கிடந்துச்சு டாக்டர். பாவம்னு தூக்கிட்டு வந்தேன்” என்றார் தையல்காரர்.

கால்நடை மருத்துவர் உருகிப்போனார். “உங்களை மாதிரி நாலு பேர் இருக்கறதாலதான் மழை பெய்யுது! தெருநாய்க்கு இங்க எல்லாமே இலவசம்.”

ஊசி போட்டு முடித்ததும், வரிசையில் நின்ற பேக்கரிக்காரம்மா முன்னால் வந்தாள். “என் நாய் போன மாசம்தான் செத்துச்சு. இதை நான் வளர்க்கட்டுமா?”

“தாராளமா!” என்றார் டாக்டர்.

தையல்காரர் நாயின் மேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

அவள் தூக்கிக்கொண்டு போகும்போது, நாய் அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. “ஒரு மணி நேரப் பழக்கத்துக்கே என்ன விசுவாசம்!” என்று நெகிழ்ந்தார் டாக்டர்.

வீட்டு வாசலிலேயே தையல்காரரை மனைவி பிடித்துக்கொண்டாள். “தெருநாய்னு சொன்னதும் ஒரு பைசா கேட்கலையே? என் யோசனை எப்படி! ஆமா, நம்ம நாயை எங்கங்க காணோம்?”