ஒப்படைக்காத ஒரு சாமான்

பள்ளிக்கூட வாசலில் அடைக்கலம் தன் பழைய மொபெட்டை நிறுத்தியதைப் பார்த்ததுமே இசைவாணி உஷாரானாள்.

மின்வாரியம் பள்ளிகளில் நடத்தும் மின் சிக்கன நிகழ்ச்சிக்குப் போன வருடம் வரை அவர்தான் ஒப்பந்தக்காரர். பொம்மலாட்டம், பாட்டு, இரண்டு பேனர். அவ்வளவுதான் அவர் நிகழ்ச்சி. இந்த வருடம் ஒப்பந்தம் சரவணக்குமாருக்குப் போய்விட்டது. அகலமான எல்.இ.டி. திரை, ஆளுயர ஸ்பீக்கர்கள், தொகுத்து வழங்க இசைவாணி. திருமயத்துக்குப் பக்கத்தில் இந்த அரசுப் பள்ளியில்தான் முதல் நிகழ்ச்சி. செயற்பொறியாளர் நேரில் பார்த்துச் சரி என்றால்தான் மாவட்டம் முழுக்க நடத்தலாம். இசைவாணியின் வேலை நிரந்தரமாவதும் அதற்குப் பிறகுதான்.

"சார், பழைய ஆளு வந்திருக்காரு. கையில மஞ்சப்பை வேற."

சரவணக்குமார் சிரித்தார். "காண்ட்ராக்ட் போன வயித்தெரிச்சல். ஏதாவது கோளாறு பண்ணத்தான் வந்திருப்பாரு. ஒரு கண்ணு வச்சுக்கங்க."

"ஜெனரேட்டர் இன்னும் வரலையே சார்?"

"கரண்டுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. நீங்க மைக்கைப் பாருங்க."

மைக்கை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். சந்தேகமாக இருந்ததால் மறுபடியும் பார்த்தாள்.

அதற்குள் அடைக்கலம் பக்கத்தில் வந்துவிட்டார். "நல்லா இருக்கீங்களா தம்பி? எல்லாச் சாமானையும் ஒப்படைச்சுட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதைக் குடுத்துட்டுப் போயிரலாம்னு..."

"ஒங்க சாமானையெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சுண்ணே. அங்கிட்டுப் போயி ஒக்காருங்க. ஷோன்னா என்னன்னு பாத்துட்டுப் போங்க."

அடைக்கலத்துக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இசைவாணியைப் பயமுறுத்தியது. பந்தலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திரைக்குப் போகும் வயர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தார். பழகிய முகத்தைப் பார்த்தவர் போலத் தலையாட்டிவிட்டு, கடைசி வரிசையில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

செயற்பொறியாளர் சுருக்கமாகப் பேசினார். "மின் திருட்டைப் பாத்தா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. எங்க ஆளுங்க உடனே வந்து நிப்பாங்க."

நிகழ்ச்சி களைகட்டியது. திரையில் பல்பும் மின்விசிறியும் சண்டை போட்டுக்கொள்ள, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செயற்பொறியாளரே சிரித்தார். சரவணக்குமார் பூரித்துப்போய் அவருக்கு இளநீர் வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினார்.

முக்கியமான கட்டம் வந்தது. இசைவாணி தன் செல்போனை உயர்த்திக் காட்டினாள்.

"இத்தனை வருஷமா பழைய நிகழ்ச்சியில பொம்மை போன்லதானே பேசுனீங்க? இன்னைக்கு நிஜ போன், நிஜ நம்பர். யாரு வர்றீங்க?"

ஏழாம் வகுப்பு வைஷ்ணவி முந்திக்கொண்டு மேடை ஏறினாள்.

"பயப்படாமப் பேசு. கடைசியில மிஸ் வாங்கி, இது பயிற்சிதான்னு சொல்லிருவேன்" என்று இசைவாணி அவள் காதில் சொன்னாள்.

வைஷ்ணவி பயப்படவில்லை. "சார், எங்க ஸ்கூலுக்குப் பின்னாடி புளியமரத்துப் போஸ்ட்டுல கொக்கி போட்டுக் கரண்டு எடுக்கிறாங்க. சீக்கிரம் வாங்க சார்!" ஊர்ப்பெயர், பள்ளியின் பெயர் எல்லாம் தெளிவாகச் சொல்லிவிட்டுத் தானே சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"என்னமா நடிக்குது பாருங்க!" என்று தலைமையாசிரியை கைதட்ட, பந்தலே அதிர்ந்தது.

மறுபடி கூப்பிட்டு, பயிற்சிதான் என்று சொல்லிவிடலாம் என நினைத்தபோதுதான் இசைவாணி கவனித்தாள். கடைசி வரிசையில் அடைக்கலத்தின் நாற்காலி காலி. போன் விஷயம் அடியோடு மறந்துபோனது. கண்கள் அவரைத் தேடியபடி இருக்க, வாய் மட்டும் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் திரை சட்டென்று இருண்டது. ஸ்பீக்கர் அடங்கியது.

இசைவாணி மைக்கைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளியின் பின்பக்கம் ஓடினாள். நினைத்தபடியே காம்பவுண்டுச் சுவரோரம் அடைக்கலம். ஒரு கை மஞ்சப்பைக்குள்.

"சார், இங்க வாங்க! இவருதான்!"

இளநீரோடு ஓடி வந்த சரவணக்குமார் அவர் சட்டையைப் பிடித்தார். "கட்டிங் பிளேயரா பையில? கரண்டை வெட்டிட்டியா?"

"கையை எடுங்க தம்பி. ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட ஒங்களைக் கேக்கணுமா?"

பின்னாலேயே வந்த செயற்பொறியாளர் வகுப்பறைகளை நிமிர்ந்து பார்த்தார். எல்லா மின்விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன.

"பள்ளிக்கூடத்துல கரண்டு இருக்கே. ஒங்க திரைக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

சரவணக்குமார் அடைக்கலத்தின் சட்டையை விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏணியில் நின்றிருந்த வயர்மேன் தலையை நீட்டினார்.

"சார், நீங்களும் வந்துட்டீங்களா? இப்பத்தான் ஒரு பொண்ணு போன்ல சொல்லுச்சு. வந்து பாத்தா, சொன்ன போஸ்ட்டுலயே கொக்கி. எடுத்துட்டேன். வயரு நம்ம ஸ்கூல் பந்தலுக்குள்ளதான் போகுது சார்."

"காலையிலேயே பாத்தேன் மிஸ்" என்றாள் பின்னால் நின்ற வைஷ்ணவி. "நீங்கதான பயப்படாமப் பேசச் சொன்னீங்க?"

"திரையைக் கழட்டிருங்க. நாளைக்கு ஆபீசுக்கு வாங்க" என்று சரவணக்குமாரிடம் சொல்லிவிட்டுச் செயற்பொறியாளர் நடந்தார். மாவட்டமும் போச்சு, தன் வேலையும் போச்சு என்று இசைவாணிக்குப் புரிந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே. ஒங்களைத் திருடன் மாதிரி நெனச்சுட்டேன்."

"அதனால என்ன தாயி."

செயற்பொறியாளரின் ஜீப் கிளம்பும் வரை அடைக்கலம் காத்திருந்தார். பிறகு மஞ்சப்பையிலிருந்து வெளுத்துப்போன சிவப்புப் பிளாஸ்டிக் போன் ஒன்றை எடுத்துச் சரவணக்குமார் கையில் வைத்தார்.

"இதைக் குடுக்கத்தான் தம்பி வந்தேன். இதே போஸ்ட்டுல நான் கொக்கி போட்ட அத்தனை வருஷமும் பிள்ளைகளை இதுலதான் பேச விட்டேன்."